வோல்டேஜ் விழுகிறதா? பெரும்பாலும் அது விழத்தான் வேண்டும்

கணினி கிளம்பும்போதே அமைப்புகளை மாற்றவிடும் பயாஸில் செயலிக்கு 1.35 வோல்ட் என்று வைத்துவிட்டு விண்டோஸுக்குள் போனேன். கணினி சும்மா இருக்கும்போது சென்சார் 1.344 காட்டியது. சரி, பரவாயில்லை என்று, செயலியைக் கணக்குப் போட வைத்து வதைக்கும் சோதனையான பிரைம்95-ஐ ஓடவிட்டேன். அடுத்த நொடியே 1.248-க்கு இறங்கிவிட்டது. நான்காவது நிமிடம் ஒரு கோர் கணக்கைத் தப்பாகப் போட்டு நின்றது. அப்புறம் நீலத் திரை. செயலி இன்டெல் ஐ7-8700கே. தொழிற்சாலையில் வைத்துத் தரும் அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.7 வரை போகும். நான் கேட்டது 5.

செயலியை இப்படி விதித்த வேகத்துக்கு மேல் விரட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். அதைச் செய்யும் எல்லோருக்கும் இந்த இடத்தில் வரும் சந்தேகம்தான் எனக்கும் வந்தது. கேட்டது 1.35, கிடைப்பது 1.25. நூறு மில்லிவோல்ட் எங்கே போனது? மதர்போர்டு மட்டமானதா, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தேய்ந்துவிட்டதா? அந்த நூறு மில்லிவோல்ட்டைத் துரத்திக்கொண்டு ஒரு வாரம் ஓடியது. கடைசியில் பார்த்தால் அது தொலைந்துபோனதே இல்லை. வேண்டுமென்றே கழித்துவைத்த தொகை அது.

ஏன் கழிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஆம்பியரைப் பார்க்க வேண்டும். 1998-ல் வந்த இன்டெல் செயலியான செலரான் 300ஏ ஓவர்கிளாக்கர்களின் செல்லப்பிள்ளை. செயலியைப் போர்டோடு இணைக்கும் பாதையான 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-ல் ஓடும். பி21 என்ற பின்னின் மேல் துண்டு டேப் ஒட்டியே அதைச் சாதித்தவர்கள் உண்டு. அந்தச் சில்லு எடுத்தது 2 வோல்ட்டில் சுமார் 19 வாட், அதாவது 10 ஆம்பியருக்கும் கீழே. என் 8700கே 5 கிகாஹெர்ட்ஸில் முழு லோடு ஏறும்போது 1.25 வோல்ட்டில் சுமார் 110 ஆம்பியர் இழுக்கிறது. வீட்டில் ஒரு டன் ஏசி எடுப்பது ஐந்தாறு ஆம்பியர்தான். வோல்டேஜ் குறையக் குறைய, அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறிக்கொண்டே போகும். இருபது ஆண்டுகளில் நடந்தது அதுதான்.

110 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு மில்லிஓம் தடை இருந்தாலே 110 மில்லிவோல்ட் போய்விடும். ஒரு மில்லிஓம் என்பது ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்டெல் தன் டெஸ்க்டாப் செயலிகளுக்கான ஆவணங்களில், தலைமுறையையும் மாடலையும் பொறுத்து, சுமார் 1 முதல் 2 மில்லிஓம் அளவுக்கு இந்தச் சரிவை எழுதியே வைத்திருக்கிறது. இதற்கு லோடுலைன் என்று பெயர். கரண்ட் ஏற ஏற வோல்டேஜ் இந்தக் கோட்டில்தான் இறங்க வேண்டும் என்பது விதி. ஓவர்கிளாக் வட்டாரத்தில் இந்த இறக்கத்தை வீட்ரூப் என்பார்கள். என் போர்டில் விழுந்த 96 மில்லிவோல்ட்டைக் கணக்குப் போட்டால் 0.9 மில்லிஓம்கூட வரவில்லை. விதி கேட்பதைவிடக் குறைவாகவே விழுந்திருக்கிறது. நான்தான் அதையும் கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

மோட்டார் குழாயும் காயிலும்

சரிவை ஏன் விதியாகவே வைக்க வேண்டும்? மாடித் தொட்டிக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைச் சட்டென்று அடைத்தால் குழாய் 'டொக்' என்று அதிரும். ஓடிவந்த தண்ணீர் உடனே நிற்காது, முட்டி மோதும். மதர்போர்டில் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் சதுரக் கட்டிகள் எல்லாம் காயில்கள். எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் 12 வோல்ட்டை மாஸ்ஃபெட் என்னும் மின் சுவிட்சுகள் நொடிக்குச் சில லட்சம் தடவை திறந்து மூடித் துண்டு துண்டாக்கும். காயில்கள் அதைச் சமப்படுத்தி 1.3 வோல்ட் அளவுக்குக் கொண்டுவரும். கெபாசிட்டர்கள் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும். இந்தக் கூட்டம் மொத்தத்துக்கும் பெயர் விஆர்எம். காயிலில் ஓடும் கரண்டும் குழாய்த் தண்ணீர் போலத்தான், நினைத்த நேரத்தில் நிற்காது. செயலி 110 ஆம்பியரில் ஓடிக்கொண்டிருந்துவிட்டு வேலை முடிந்ததும் 10 ஆம்பியருக்கு இறங்கினால், மிச்ச கரண்ட் போக இடமில்லாமல் கெபாசிட்டரில் நிரம்பும். வோல்டேஜ் ஒரு கணம் எகிறும்.

அந்த எகிறல் 60 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். லோடில் 1.25-ல் இருந்த செயலி 1.31 வரை எகிறி, பிறகு சும்மா இருக்கும் அளவான 1.35-க்குப் போய்ச் சேரும். நீங்கள் வைத்த எண்ணை எந்தக் கணத்திலும் தாண்டவில்லை. சரிவே இல்லாமல் லோடிலும் 1.35 கொடுத்திருந்தால்? எகிறல் 1.41-ல் போய் முட்டியிருக்கும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். லோடு திடீரென்று ஏறும்போது காயிலால் உடனே கரண்டைக் கூட்ட முடியாது, வோல்டேஜ் பள்ளத்தில் விழும். உயரத்திலிருந்து கிளம்பினால் அந்தப் பள்ளத்துக்கு இடம் இருக்கும். தாழ்வான இடத்திலிருந்து கிளம்பினால் இருக்காது.

இப்போது பயாஸில் லோடுலைன் கேலிபரேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கும். எல்எல்சி என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். அதை ஏற்றினால் சரிவு குறையும், உச்சத்தில் வைத்தால் கோடு மட்டமாகிவிடும். ஒரு போர்டில் 1 என்பது உச்சம், இன்னொன்றில் 8 உச்சம். யாரோ சொன்ன எண்ணை அப்படியே உங்கள் போர்டில் போட்டால் நேர் எதிராக வேலை செய்யவும் வாய்ப்புண்டு. எந்தத் திசையில் ஏறுகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், உச்சத்தில் வைத்து, பயாஸில் 1.30 கொடுத்தேன். லோடில் 1.296, சும்மா இருந்தாலும் 1.296. ஆடாமல் அசையாமல் நின்றது, பார்க்கவே அழகு. அரை மணி நேரத்தில் கணினி விழுந்தது. எப்போது விழுகிறது என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரைம்95 ஓர் அளவில் கணக்குப் போட்டு முடித்து அடுத்த அளவுக்கு மாறும்போது, லோடு ஒரு கணம் இறங்கி மறுபடி ஏறும். விசிறிச் சத்தத்தில்கூட அந்த மாற்றம் கேட்கும். மூன்று தடவையும் அந்த இடத்தில்தான் விழுந்தது.

அப்புறம் எல்எல்சியை நடுவில் வைத்து, பயாஸில் 1.36 கொடுத்தேன். லோடில் வந்து நின்றது அதே 1.296. இரவு முழுக்க ஓடியது, விழவில்லை. சென்சாரில் லோடு எண் இரண்டு தடவையும் ஒன்றுதான். முதல் தடவை செயலி 1.30-லிருந்து பள்ளத்தில் குதித்தது, இரண்டாவது தடவை 1.36-லிருந்து. அந்த 60 மில்லிவோல்ட் உயரம்தான் வித்தியாசம். இதற்குப் பிறகு மட்டமான கோட்டைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

சென்சார் பார்க்காதது

அந்தப் பள்ளம் ஏன் திரையில் தெரியவில்லை? ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருள் இயல்பாக 2 நொடிக்கு ஒரு தடவை சென்சாரைக் கேட்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலி அந்த இரண்டு நொடியில் ஆயிரம் கோடிச் சுழற்சிகளை முடித்துவிடும். பள்ளமும் எகிறலும் சில மைக்ரோநொடிக் கதை. அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். மல்டிமீட்டர்கூடச் சராசரியைத்தான் காட்டும். மல்டிமீட்டரை வைத்துச் சாக்கெட்டின் பின்பக்கக் கெபாசிட்டர்களைத் தொட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கை கொஞ்சம் நழுவி இரண்டு முனையும் சேர்ந்தால் போர்டு போச்சு. நான் அதைச் செய்வதில்லை.

திரையில் தெரியும் எண்ணிலும் பல விதம் உண்டு. விஐடி என்பது செயலி கேட்கும் வோல்டேஜ். அதற்குக் கிடைக்கும் வோல்டேஜ் அது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'வோல்டேஜ் தானாக ஏறுகிறது' என்று பதறுபவர்கள் நிறைய. வீகோர் என்று வருவதுதான் கோர்களுக்குக் கிடைப்பது, அதைப் பெரும்பாலும் போர்டில் உள்ள கண்காணிப்புச் சில்லு அளக்கும். அது 8 அல்லது 16 மில்லிவோல்ட் படிகளில்தான் எண்ணும். என் எண்களைப் பாருங்கள்: 1.344, 1.248, 1.296. மூன்றும் 0.016-ன் மடங்கு. ஆகவே 1.296-க்கும் 1.312-க்கும் நடுவே எண் துள்ளினால் அதை ஆட்டம் என்று சொல்ல முடியாது, படிக்கட்டில் ஒரு படி, அவ்வளவுதான். அந்த அளவும் எந்த இடத்தில் எடுத்தது என்பதைப் பொறுத்து மாறும். சாக்கெட்டுக்கு வெளியே அளந்தால், சில்லுக்குள் உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். விஆர்எம் கட்டுப்பாட்டுச் சில்லிலிருந்தே நேராகப் படிக்கும் எண் உங்கள் போர்டில் கிடைத்தால் அதைப் பாருங்கள்.

இன்னொரு பதற்றம், கணினி சும்மா இருக்கும்போது 1.3-லிருந்து 0.7-க்கு இறங்குகிறதே என்பது. அது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. வேலை இல்லாதபோது வேகத்தையும் வோல்டேஜையும் சேர்த்தே குறைக்கிறது. சோதனை செய்யும் நாட்களில் மட்டும் பயாஸில் வோல்டேஜை நிலையான முறையில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். எல்லாம் நிலைத்த பிறகு வேலைக்கேற்ப வோல்டேஜை மாற்றும் அடாப்டிவ் முறைக்கோ, செயலி கேட்பதில் ஒரு தொகையைக் கூட்டியோ கழித்தோ கொடுக்கும் ஆஃப்செட் முறைக்கோ மாறிக்கொள்ளலாம்.

எப்போது விழுகிறது என்பதே பாதி விடை

வோல்டேஜ் நிலையில்லை என்று சொல்வதற்கு முன் கணினி எந்த நேரத்தில் சாய்கிறது என்று குறித்துக்கொள்வதுதான் என் அனுபவத்தில் அதிகம் உதவியது. லோடு ஏறிய சில நிமிடத்திலேயே விழுந்தால் வீகோர் பற்றவில்லை, 10 அல்லது 20 மில்லிவோல்ட் ஏற்றிப் பார்க்கலாம். நீலத் திரையில் வரும் நிறுத்தக் குறியீடு 101 என்றோ 124 என்றோ முடிந்தால் அதற்கும் பெரும்பாலும் இதே வைத்தியம். 124 மட்டும் ராம் பக்கத்திலிருந்தும் வரும். நீலத் திரையே வராமல் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 'திருத்தப்பட்ட வன்பொருள் பிழை' என்று சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும், அதையும் எட்டிப் பாருங்கள். செயலி தடுமாறித் தானே சமாளித்த இடங்கள் அவை. பதிவேடு சுத்தமாக இருந்தால்தான் ஓவர்கிளாக் நிலைத்தது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இருபது முப்பது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு விழுந்தால் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதுவும் செயலியின் சூடு மட்டும் இல்லை. நிறையப் பேர் காற்றுக் கூலரைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்க் கூலர் போடுகிறார்கள். செயலியின் வெப்பம் பத்து டிகிரி குறைகிறது, சந்தோஷம். ஆனால் பழைய விசிறி அடித்த காற்றுதான் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம்மையும் குளிர்வித்துக்கொண்டிருந்தது. இப்போது அங்கே காற்றே இல்லை. விஆர்எம் 100 டிகிரியைத் தாண்டும்போது பல போர்டுகள் தற்காப்புக்காகச் செயலியின் வேகத்தைச் சடாரென்று இறக்கிவிடும். பார்ப்பவருக்கு வேகமும் வோல்டேஜும் ஊஞ்சலாடுவது போலத் தெரியும். ஒரு சின்ன விசிறியை ஹீட்சிங்க் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தால் அஞ்சு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். நம் ஊரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மார்கழியில் இரவெல்லாம் ஓடிய அமைப்பு சித்திரை வெயிலில் மதியம் விழும். அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் கிட்டத்தட்ட அப்படியே சில்லிலும் ஏறுகிறது. சூடான சில்லு அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும்.

லோடு இல்லாமல், வீடியோ பார்க்கும்போதோ ஃபோல்டர் திறக்கும்போதோ விழுந்தால், ஆஃப்செட்டில் அளவுக்கு மீறிக் கழித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஏஎம்டியின் ரைசன் செயலிகளில், கோர் வாரியாக வோல்டேஜைக் கழிக்கும் கர்வ் ஆப்டிமைசர் போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எல்லாக் கோர்களையும் வதைக்கும் சோதனையில் பாஸ் ஆகிவிட்டு, ஒரு கோர் மட்டும் தனியாக உச்ச வேகத்துக்குத் தாவும் லேசான வேலையில் மண்ணைக் கவ்வும். அங்கே கோர் ஒவ்வொன்றாகத் தனித்தனியே சோதித்தால்தான் குற்றவாளி சிக்கும்.

நீலத் திரைகூட இல்லாமல் கணினி மொத்தமாக அணைந்துபோனால் அப்போதுதான் எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்வை போக வேண்டும். எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் தரத்தின் 3.0-க்கு முந்தைய விதிப்படி 12 வோல்ட் இணைப்பு 5 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. லோடில் 12.1 என்பது 11.9 ஆவதைப் பார்த்துப் புது எஸ்எம்பிஎஸ் வாங்க வேண்டியதில்லை. விஆர்எம் அந்த வித்தியாசத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். அதற்கு முன், போர்டின் மேல் மூலையில் செயலிக்கென்றே இருக்கும் 8 பின் கனெக்டர் முழுக்க அமர்ந்திருக்கிறதா, 4 பின் மட்டும் செருகிவிட்டு மறந்துவிட்டோமா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நடப்பதுதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஆடுவதுதான் காரணம் என்று ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்பவர்களும் உண்டு. இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்றுக்கொண்டு அதே 12-ஐத்தான் கொடுக்கின்றன. தெருவில் லோ வோல்டேஜ் என்பதற்கும் வீகோர் சரிவதற்கும் சம்பந்தம் இல்லை.

ராமை மறக்கக் கூடாது. ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டு ராமையும் சேர்த்து ஏற்றிவிட்டு, விழும்போதெல்லாம் வீகோரை ஏற்றிக்கொண்டே போவது பழைய தவறு. செயலியைச் சரிபார்க்கும்வரை ராமை இயல்பு வேகத்தில் விட்டுவிடுங்கள். எக்ஸ்எம்பி போடும்போது சில போர்டுகள் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியின் வோல்டேஜையும் தாமாகவே ஏற்றிவிடும். 2023-ல் ரைசன் 7000எக்ஸ்3டி செயலிகள் சில கருகியதற்குப் பிறகு ஏஎம்டி, அந்தப் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3-க்கு மேல் போகவிடாமல் பயாஸ் புதுப்பிப்பில் பூட்டியது.

2024-ல் இன்டெல்லுக்கு நடந்தது

இதுவரை சொன்னது நாமே கைவைத்துக் கெடுத்துக்கொள்ளும் கதை. கைவைக்காமலே கெட்ட கதையும் ஒன்று இருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளை வாங்கிய பலருக்கு, ஓவர்கிளாக் எதுவும் செய்யாமலே விளையாட்டுகள் விழ ஆரம்பித்தன. திரையில் வந்த செய்தி 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்பது. பாவம், கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பார்த்தவர்கள்கூட உண்டு. உண்மையில் செயலிதான் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தது. 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: செயலிக்குள் ஓடும் மைக்ரோகோடு என்ற நிரலில் இருந்த பிழையால் செயலியே அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கியிருக்கிறது. ஆகஸ்டில் வந்த புதுப்பிப்பு 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதற்குக் கடிவாளம் போட்டது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். செப்டம்பரில் இந்தக் கோளாறுக்கு வீமின் ஷிஃப்ட் என்று பெயரே வைத்தார்கள்.

ஓவர்கிளாக் செய்பவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான் அந்தப் பெயரில் இருக்கிறது. ஒரு வேகத்தில் ஓட ஒரு சில்லுக்குத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ்தான் வீமின். அதிக வோல்டேஜும் அதிகச் சூடும் சேர்ந்தால் சில்லு தேயும், அந்தக் குறைந்தபட்சம் மெல்ல மேலே நகரும். போன வருடம் 1.25-ல் ஓடியது இந்த வருடம் 1.28 கேட்கும். நீங்களும் 'கொஞ்சம் ஏற்றினால் சரியாகிவிட்டது' என்று ஏற்றுவீர்கள், தேய்மானம் இன்னும் வேகமாகும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய ஓவர்கிளாக் காரணமில்லாமல் விழத் தொடங்கினால், வோல்டேஜை ஏற்றுவதற்குப் பதில் வேகத்தை ஒரு படி இறக்கிப் பார்ப்பதே என் பழக்கம். தேய்ந்துபோன சில்லுகளை அந்தப் புதுப்பிப்பு திருப்பிச் சரிசெய்யாது என்று இன்டெல்லே சொல்லியிருந்தது.

என் 8700கே-க்கு வருகிறேன். 1.36, நடு எல்எல்சி, லோடில் 1.296 என்று 5 கிகாஹெர்ட்ஸில் நின்றதைச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு மாதம்தான் வைத்திருந்தேன். 4.9-க்கு இறக்கிப் பார்த்தபோது லோடில் 1.232 போதுமாக இருந்தது. வோல்டேஜின் வர்க்கத்தை வேகத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட வெப்பக் கணக்கு வந்துவிடும். கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக 64 மில்லிவோல்ட் கூடுதல், 2 சதவீத வேகத்துக்குச் சுமார் 13 சதவீதம் கூடுதல் சூடு. சித்திரை வந்ததும் 4.9-க்கு மாற்றினேன். இன்னும் அதில்தான் ஓடுகிறது.